மாடியக்காவின் நடை

பேய்ப் படம் என்றாலே மூக்குக் கண்ணாடிக் கடைக்காரருக்கு ஆகாது. டி.வி.யில் ஒரு கதவு கிரீச்சென்று திறந்தால் ரிமோட்டைத் தேடுவார். அதிலும் 'பூட்டிய மாடி' என்ற பெயர் காதில் விழுந்தால் போதும், டி.வி.யையே அணைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

அவருக்குப் பிறந்த மகளோ 'பூட்டிய மாடி' பைத்தியம்.

எண்பதுகளில் வந்த படம். வந்த புதிதில் தியேட்டரில் ஈ ஓட்டியது. அப்புறம் ஒருவர் சொல்லி ஒருவர் பார்த்து, இன்றைக்கு அதற்கென்று ஒரு ரசிகர் பட்டாளமே இருக்கிறது. வெள்ளைக் கண்ணோடு மாடிப்படி இறங்கி வரும் பேய்க்கு அவர்கள் வைத்த செல்லப் பெயர், மாடியக்கா. ஒவ்வொரு படியையும் கட்டைவிரலால் தொட்டுத் தொட்டு இறங்கும் அவள் நடையை நடந்து காட்டாத ரசிகர் கிடையாது. ஆனால் அவள் யார் என்றுதான் யாருக்கும் தெரியாது. டைட்டிலில் அவள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறி.

அந்தப் படம் பளிச்சென்று புதுப்பிக்கப்பட்டு இன்று டிஸ்க்காக வெளியாகிறது. மகள் ஆபீசுக்கு மட்டம் போட்டுவிட்டு, கடை திறக்கும் முன்பே வரிசையில் போய் நின்றாள். வரிசையில் பாதிப் பேர் முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டு வந்திருந்தார்களாம். கூட்டத்தை ஒழுங்குபடுத்த வந்த போலீஸ்காரரே மாடியக்கா நடை நடந்து காட்டிக் கைதட்டல் வாங்கினாராம். வீடு திரும்பியதும் மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டே டிஸ்க் பெட்டியை அம்மாவிடம் நீட்டினாள்.

"அம்மா, இங்க பாரு. யாரும் பார்க்காத ஷூட்டிங் காட்சியெல்லாம் இதுல இருக்காம். மாடியக்கா யாருன்னு இன்னைக்குத் தெரிஞ்சிடும்."

அம்மா பெட்டியை வாங்கி அவசரமாகக் கவிழ்த்து வைத்தாள். மாடியக்கா அவள்தான்.

கல்யாணத்துக்கு முன்பு ஒரு நடனக் குழுவில் இருந்தாள். வெள்ளை லென்ஸ் போட மாட்டேன் என்று கதாநாயகி முரண்டு பிடித்ததால், இவளை இழுத்து வந்து நிறுத்தினார்கள். அந்தக் காலத்து லென்ஸ். மாட்டினால் எதிரே யானை நின்றாலும் தெரியாது. கழற்றினால் கண் எரிந்து தண்ணீராகக் கொட்டும். ரசிகர்கள் பக்கம் பக்கமாகப் புகழ்ந்து எழுதும் அந்த நடை, உருண்டு விழுந்து தொலைக்கப் போகிறோமே என்ற பயத்தில் வந்த நடை.

கல்யாணப் பேச்சு வந்தபோது, சினிமா வாசனையே படாத பெண் என்று பெற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். சமயம் பார்த்து நாமே சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாள். புதுக் குடித்தனத்தில் ஒருநாள் டி.வி.யில் அந்தப் படமே வந்தது. "இந்தக் கண்றாவி நம்ம வீட்டுல வேண்டாம்" என்று அவர் அணைத்த வேகத்தில், நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினாள். இத்தனை வருஷமும் விழுங்கியது விழுங்கியதுதான்.

மகள் முகம் கழுவப் போன நேரத்தில் பெட்டியைத் தூக்கிச் சலவை இயந்திரத்துக்குள் துணிக்கு அடியில் திணித்தாள். அவளுக்கு வேறு இடம் தோன்றவில்லை. மகளா விடுகிறவள்? வீட்டைத் தலைகீழாக்கித் தேடி எடுத்துவிட்டாள். என்னம்மா இது என்று அவள் சண்டைக்கு நிற்கும்போதே வாசலில் செருப்புச் சத்தம். மதியச் சாப்பாட்டுக்குக் கடையைப் பூட்டிவிட்டு அப்பா வந்துவிட்டார்.

அம்மா கண்ணால் கெஞ்சினாள். மகள் பார்க்கவே இல்லை. இந்த ஒருநாள் மட்டும் விடுங்கள் அப்பா என்று பெட்டியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

அவர் அதைத் திருப்பி, பின்பக்கம் இருந்ததை நிதானமாகப் படித்தார். மனைவியை ஒருமுறை பார்த்தார்.

"சரி, போடு" என்றார். "முதல்ல அந்த ஷூட்டிங் காட்சியைப் போடு."

மகள் துள்ளிக்கொண்டு ஓடினாள். அம்மா சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இந்த வயதில் கட்டிய புருஷன் முன்னால் பொய்க்காரியாக நிற்க வேண்டுமா என்று தன்னையே நொந்துகொண்டாள்.

டி.வி.யில் யாரோ விளக்கைப் போடச் சொன்னார்கள். மேக்கப் கலைந்த முகம் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்.

"அம்மா... இது நீதானே?" மகள் கத்தினாள். பிறகு அவளே ஓடி வந்து உலுக்கினாள். "கண்ணைத் திறம்மா. உன்னைக் கைபிடிச்சுக் கூட்டிட்டு வர்றது யாருன்னு பாரு."

பார்த்தாள். வெள்ளைக் கண்ணோடு இவள் தட்டுத் தடுமாறிப் படி இறங்க, அரும்பு மீசை வைத்த ஒல்லிப் பையன் ஒருவன் இடுப்பில் லென்ஸ் டப்பாவைக் கட்டிக்கொண்டு, கையைப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தான். அந்த மூக்கை அவளுக்குத் தெரியாதா?

"லென்ஸ் கம்பெனி என்னைத்தான் அனுப்புச்சு" என்றார் அவர். "நீ என் முகத்தைப் பார்க்கவே இல்ல. எனக்கும் உன்கிட்ட பேச வாய் வரல. அப்புறம் விசாரிச்சுப் பொண்ணு கேட்டு வந்தா, சினிமான்னா என்னன்னே தெரியாத பொண்ணுங்கறாங்க. நீ தலையைக் குனிஞ்சுக்கிட்ட. உனக்குப் பேசப் பிடிக்காததை நான் ஏன் பேசணும்? அதான் பேய்ப் படம்னாலே ஆகாதுன்னு நடிச்சேன், அந்தப் படம் வந்தாலே அணைச்சேன். இப்ப ஊரே பார்க்கப் போகுது, இனிமே என்ன?"

அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"எந்த முகத்தோட சொல்றது?" என்று அவர் மகளைப் பார்த்து நெளிந்தார்.

அதற்குள் டி.வி.யில் மாடியக்கா, பிடித்த கையை இன்னும் இறுக்கிக்கொண்டு சொன்னாள்:

"அண்ணே, கையை மட்டும் விட்டுடாதீங்கண்ணே."