முருக்கமரத்து முகமூடி

"இருமலே இல்லாத உனக்கு எதுக்கு முகமூடி?"

தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் அலோசியஸ் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. உலக்கையால் இடித்துக்கொண்டே கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு குடுங்கய்யா" என்றாள் ராக்காயி. மலையிலிருந்து நேரே வந்திருந்தாள். கொழுந்துக்கூடையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது.

தொழிலாளர்கள் குடியிருந்த எல்லா லயங்களிலும் சளிக்காய்ச்சல் பரவிய 1957ஆம் வருடம் அது. முகமூடி தைக்க கொட்டகலைக் கடைகளில் மருந்துத்துணி கிடைக்கவில்லை. தேயிலைக்கு நடுவே கவ்வாத்து வெட்டிப் போட்டிருந்த முருக்கமரக் கிளைகளைச் சீவி, சாம்பல் போட்டு வேகவைத்து, கூழாக இடித்து, மெல்லிய தாளாகக் காயவைத்து, பழைய வேட்டித்துணிக்குள் வைத்துத் தைத்தார் அலோசியஸ். இந்த மழையில் தாள் காய்ந்தால்தானே! அடுப்பருகே உட்கார்ந்து அதைத் திருப்பிப் போட்டுப் போட்டே மனுஷன் பாதியாகிவிட்டார்.

இருமுகிறவர்கள் முகமூடி கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகவேண்டும் என்று உத்தரவு போட்டவரும் அவர்தான்.

"உன்னைத் தெரியாதா எனக்கு? இதைக் கட்டிக்கிட்டு, நோயின்னு சொல்லி லயத்துல படுத்துக்கலாம்னு பாக்குற."

"இல்லீங்கய்யா. வேலைக்குத்தான் போவேன்."

"நான் இடுப்பொடிய இடிக்கிறது உன் சோம்பேறித்தனத்துக்கா? போ, போ!"

ராக்காயி நகரவில்லை.

"நாகலெட்சுமிக்கு ஒண்ணு குடுத்தீங்களேய்யா..."

"காலையிலேயே குடுத்தேன். காய்ச்சல் விட்டுருச்சு, இருமல்தான் பாக்கி. இதைக் கட்டிக்கிட்டு வேலை செய்யலாம்."

"எங்கேங்கய்யா செய்யிறது? அதைப் பாத்ததும் அவ பக்கத்து நிரையில கொழுந்தெடுக்க யாரும் போகமாட்டேன்னுட்டாங்க. நாளைக்கும் இப்படின்னா கூலிக்குப் பேர் போடமாட்டேன், வீட்டுல இருன்னு கங்காணி சொல்லிட்டாரு. மூணு புள்ளைங்கள வச்சுக்கிட்டு அவ என்ன செய்வா?"

உலக்கை நின்றது. அலோசியஸுக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

"போன வாரம்தானே தண்ணி பிடிக்கிற பீலியில நீயும் அவளும் மயிரைப் பிடிச்சுக்கிட்டீங்க?"

"அது வேற, இது வேறங்க. நாளைக்கு அந்த நிரைக்கு நான் போறேன்."

"போறதுன்னா சும்மா போயேன். உனக்கு எதுக்கு முகமூடி?"

"அவ மட்டும் கட்டியிருந்தா அவளைத்தானேங்கய்யா ஒதுக்குவாங்க? நானும் கட்டிக்கிட்டு நிக்கிறேன். ஒதுக்குறதுன்னா ரெண்டு பேரையும் சேத்து ஒதுக்கட்டும்!"