வழியில் ஐந்து வீடுகள்

கமலநாயகி அம்மாள் காபித் தட்டைக் கொண்டுவந்து மைதிலியின் கையில் வைத்தார்.

“நீயே எல்லாருக்கும் குடுத்துடும்மா.”

மைதிலியும் வாங்கிக்கொண்டாள். வந்த வீட்டில் கூடமாட ஒத்தாசை செய்தால் என்ன குறைந்துவிடப் போகிறது?

ஹாலுக்கு வந்த பிறகுதான் பார்த்தாள். சோபாவில் அம்மாளின் கணவர் நரசிம்மன். பக்கத்தில் மகன் கிரிதர். டீப்பாயில் லேப்டாப். திரையில் கோயம்புத்தூரிலிருந்து பட்டுப்புடவை கட்டிய இரண்டு பெண்கள். அவள் நடக்க நடக்க நரசிம்மன் லேப்டாப்பை அவள் பக்கமாகத் திருப்பிக்கொண்டே வந்தார்.

கிரிதர் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தான். ஜெர்மனியின் எர்லாங்கனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு எஞ்சினியர் அப்படி வீட்டில் உட்கார்ந்திருந்தால், ஒன்று அவன் சர்ச்சுக்குப் போகிறவனாக இருக்க வேண்டும், இல்லை மாப்பிள்ளையாக இருக்க வேண்டும். பூஜை அலமாரியில் முருகன் இருந்தார்.

பெண் பார்க்கிறார்கள். அதுவும் பெண்ணையே வீடு தேடி வரவழைத்து.

மறுநாள் அவளுக்கு அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் முதல் நாள். அதற்கு முன் பதினெட்டு நாள், முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு தனியாக ஊர் ஊராகச் சுற்றியிருந்தாள். பிறந்ததிலிருந்து யாருடைய கண்ணும் படாமல் அவள் கழித்த நாட்கள் அவை மட்டும்தான். அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

அப்பாவிடம் சண்டை போட்டு அந்தப் பயணத்தை வாங்கித் தந்தவள் அக்கா தேஜஸ்வினி. எந்த ஊர், எந்த ரயில், எந்த விடுதி என்று உட்கார்ந்து போட்டுக் கொடுத்ததும் அவள்தான். ஊருக்கு ஒரு தெரிந்த குடும்பம், அங்கே ஒரு வேளைச் சாப்பாடு, போகும்போது கையில் ஒரு ஊறுகாய் பாட்டில். அத்திம்பேரின் ஆபீஸ் பழக்கம் என்றாள். வீடுகளுக்குப் போகும்போது போட்டுக்கொள்ள ஒரு நல்ல சுடிதாரும் அவளே மடித்து வைத்தாள். இப்போது மைதிலி உடுத்தியிருந்தது அதைத்தான்.

பாரிஸில் அந்த வீட்டு அம்மாள் அவளை விளக்கேற்றச் சொன்னார். ஆம்ஸ்டர்டாமில் ரசம் வைக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். இவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், வைத்தே காட்டினாள். கொலோனில் பெரியவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கடையில் வேலை வந்து, அவளும் அந்த வீட்டுப் பையனும் மட்டும் மிஞ்சினார்கள். பிராகில் அந்த வீட்டுப் பையனோடு நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார்கள். என்ன பாசமான மனிதர்கள் என்று எழுதி அதை அக்காவுக்கு அனுப்பினாள். அக்கா இதயம் போட்டாள்.

இது ஐந்தாவது வீடு.

தட்டை டீப்பாயில் வைத்துவிட்டு, ஒரு போன் பண்ண வேண்டும் என்று பால்கனிக்குப் போனாள். அப்பாவின் எண்ணைத் தேடினாள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும்.

கிரிதர் பின்னாலேயே வந்து கதவருகே நின்றான். அவளுக்கு எல்லாம் தெரியும் என்றுதான் தங்களிடம் சொல்லியிருந்தார்கள் என்றான். அவன் முகமும் வெளிறியிருந்தது. யார் சொன்னது என்று கேட்டாள். ஜாதகம் அனுப்பியதிலிருந்து எல்லாம் அக்காதான் பேசினார்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

அப்பா செய்திருந்தால் கோபம் வந்திருக்கும், அவ்வளவுதான். அக்கா என்றதும் அப்பாவின் எண்ணை விட்டுவிட்டு அக்காவையே அழைத்தாள்.

அக்கா இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை, அம்மா வீட்டில்தான் இருந்தாள். அப்பா சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார், மெதுவாகப் பேசு என்றாள்.

மைதிலி மெதுவாகவே கேட்டாள். அக்கா மறுக்கவில்லை. தனியாக ஊர் சுற்றுவதாவது என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றாராம். ஐந்து குடும்பமும் அவளைப் பார்த்ததாக இருக்கட்டும், அவளும் ஊரைப் பார்த்ததாக இருக்கட்டும் என்று அக்கா சொன்ன பிறகுதான் இறங்கி வந்தாராம். தெரிந்திருந்தால் நீ போயிருப்பாயா என்று திருப்பிக் கேட்டாள்.

நீ செய்தது துரோகம் என்றாள் மைதிலி. அப்படியொரு வார்த்தையை அக்காவிடம் அவள் சொன்னதே இல்லை.



“என்னைப் பாக்க ஒரே ஒருத்தர்தான்டி வந்தாரு, அவரையே கட்டிக்கிட்டேன். உனக்கு அஞ்சு ஊரைக் காட்டியிருக்கேன்ல?”

அக்காவுக்கு இருபத்தோரு வயதில் கல்யாணம். தேனிலவுக்குக் கொடைக்கானல் போனவள் அதைத் தாண்டி எங்கும் போனதில்லை. மைதிலிக்குக் கண் நிறைந்துவிட்டது. இவளிடம் போய் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டோமே என்றிருந்தது. பரவாயில்லை அக்கா என்று சொல்ல வாயெடுத்தாள்.

“சரி, அஞ்சு பேர்ல உனக்கு யாரு ஓகே?”



அக்கா காத்திருந்தாள். அந்த அமைதியில், அப்பா தொண்டையைக் கனைத்துக்கொள்வது போனுக்கு மிக அருகில் கேட்டது.