முதலில் தட்டிய கை

"ஒரு கைதட்டல் கண்டுபிடிக்க மூணு நாளா? நம்ம கதையில அந்த சர்வாதிகாரி நாட்டையே பிடிச்சிட்டான். அவனுக்குக்கூட இவ்வளவு சிரமம் இருந்திருக்காது!"

இயக்குநர் ஒலிக்கூடத்துக்குள் நடந்துகொண்டே கத்தினார். சின்ன அறை. நடக்கத் தொடங்கினாலே சுவர் வந்துவிடும். வந்ததும் திரும்பி மறுபடி நடந்தார்.

ஒலிப்பதிவாளன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் இயக்குநரின் மனைவிக்குத் தம்பி. அந்த உறவில் கிடைத்த வேலை என்பது யூனிட்டில் எல்லாருக்கும் தெரியும்.

"தேடிட்டுத்தான் இருக்கேன் மாமா..."

"வேலை நேரத்துல சார்."

"தேடிட்டுத்தான் இருக்கேன் சார்."

ஒரு சாதாரண ஆள் எப்படி சர்வாதிகாரி ஆனான் என்று சொல்லும் தொலைக்காட்சித் தொடர். முதல் எபிசோட் இன்றைக்கே சேனலுக்குப் போக வேண்டும். கடைசிக் காட்சியில் சத்தம் சேர்ப்பதுதான் பாக்கி.

சபையில் எதிர்த்துப் பேசிய ஒரே உறுப்பினரை வெளியே தள்ளுகிறார்கள். கதவு மூடுகிறது. தலைவன் புன்னகையோடு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்க்கிறான். சபை கைதட்டுகிறது.

படம் பிடித்தபோது துணை நடிகர்கள் ஓசை வராமல் கையை அசைத்ததோடு சரி. சத்தத்தைப் பிறகு சேர்ப்பதுதான் வழக்கம்.

"அடுத்ததைப் போடு."

போட்டான்.

"என்னது இது?"

"கல்லூரி ஆண்டு விழா சார்."

"கேட்டாலே தெரியுது. தலைவனுக்கு ஓட்டப் பந்தயத்துல கோப்பை கொடுத்த மாதிரி இருக்கு. அடுத்தது?"

"பாட்டுப் போட்டி."

"எவனோ விசில் அடிக்கிறான்யா!"

மூலையில் குறிப்பெழுதிக்கொண்டிருந்த உதவி இயக்குநர் சிரித்துவிட்டாள். இயக்குநர் திரும்பிப் பார்த்தார். அவள் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

"பயம் வேணும்டா எனக்கு. பக்கத்துல இருக்கிறவன் தட்டுறானான்னு ஓரக்கண்ணால பார்த்துட்டுத் தட்டுற தட்டு. உள்ளங்கை ஒட்டணும், மனசு ஒட்டக் கூடாது. புரியுதா?"

"புரியுது சார்."

"என்னத்தப் புரிஞ்சுக்கிட்ட." திரையில் உறைந்து நின்ற தலைவனை உற்றுப் பார்த்தார். "இவன் மீசை ஏன் ஒரு பக்கம் தொங்குது?"

"புது மேக்கப்காரர் சார்," என்றாள் உதவி இயக்குநர். "மேக்கப் அக்கா இருந்திருந்தா..."

"அந்தம்மா பேச்சை எடுக்காதேன்னு சொல்லியிருக்கேன்ல? துணை நடிகர்களுக்கு உட்கார நாற்காலி இல்லையான்னு, மொத்த யூனிட் முன்னாடி என்னைக் கேள்வி கேக்குறாங்க. விட்டா நாளைக்கு ஆளுக்கு ஒரு கேள்வி கேப்பீங்க. நாம எடுக்கிறது அடக்குமுறைக்கு எதிரான கதைம்மா. அதை உருப்படியா எடுக்கணும்னா செட்டுல ஒருத்தன் பேச்சுதான் நடக்கணும்."

கைப்பேசி அலறியது. சேனல்.

"இதோ மேடம்... முடிஞ்ச மாதிரிதான் மேடம்."

வைத்துவிட்டு ஒலிப்பதிவாளனின் நாற்காலிக்குப் பின்னாலேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தார். குரல் இறங்கியது.

"மாப்ளே, உன்னால முடியலைன்னா இப்பவே சொல்லிடு. உங்க அக்கா முகத்துக்காகத்தான் உன்னை வச்சிருக்கேன். வேற ஆள் கிடைக்காம இல்ல."

ஒலிப்பதிவாளன் கையைத் துடைத்துக்கொண்டான். திரையின் அடியில் ஒரு பதிவு இருந்தது. மூன்று நாளாக அதன் பக்கம் போவதும் தாண்டி வருவதுமாக இருந்தான்.

"இன்னொண்ணு இருக்கு சார்."

"இருக்கா? அதை ஏன்டா முட்டை மாதிரி அடைகாத்துட்டு இருக்க? போடு!"

போட்டான்.

முதலில் ஒன்றும் இல்லை. யாரோ செருமினார்கள். ஒரு கதவு மூடியது. மறுபடி அமைதி.

ஒரு தட்டு. பலமாக, மிக அருகில். பிறகு தயங்கி இன்னொரு கை. திடுமென்று எல்லாக் கைகளும். பேச்சில்லை, சிரிப்பில்லை, விசில் இல்லை. நின்றபோது மொத்தமும் ஒரேயடியாக நின்றது.

இயக்குநர் நடக்கவில்லை. காலையிலிருந்து அவர் கால் ஓய்ந்தது அப்போதுதான்.

உதவி இயக்குநரின் பேனாவும் நின்றிருந்தது. அவள் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மறுபடி."

மறுபடி போட்டான்.

"இதுதான்! இதுதான்டா! எங்கே பிடிச்ச? எந்த நாட்டு ஆவணப்படம்?"

"நான் பதிவு பண்ணினதுதான் சார். செட்டுல வெறும் அறையோட சத்தம் எடுக்க மைக் வச்சிருந்தேன். அணைக்க மறந்துட்டேன்."

இயக்குநர் காதில் அது ஏறவில்லை. கையைத் தேய்த்துக்கொண்டார்.

"அந்த முதல் தட்டைக் கேட்டியா? கதவு மூடி மூச்சு விடலை, அதுக்குள்ள தட்டுறான் பாரு! மத்தவன் எல்லாம் அவனைப் பார்த்துத்தான் தட்டுறான். இவனை மாதிரி ஒரு ஜால்ரா போதும், சர்வாதிகாரிக்குப் படையே வேணாம். அவன் கையை மட்டும் கொஞ்சம் தூக்கி விடு. நாடே கேட்கட்டும்."

ஒலிப்பதிவாளன் ஒலியைக் கூட்டினான். முதல் தட்டு அறை அதிர விழுந்தது.

"அற்புதம்! யாருடா அந்தப் புண்ணியவான்?"

ஒலிப்பதிவாளன் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினான்.

"போன மாசம் மேக்கப் அக்காவை வெளிய அனுப்பிட்டு, கதவு மூடினதும் எங்க எல்லாரையும் ஒரு சுத்துப் பார்த்தீங்களே... அப்ப முதல்ல தட்டினது நான்தான் மாமா."