முகம் இருந்த கட்டம்

கிட்ட வாங்க கண்ணுங்களா, ஃபேன் சத்தம் காதை அடைக்காத இடமாப் பார்த்து உட்காருங்க. சேக்காட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு நடந்ததைச் சொல்றேன். கேட்டு முடிக்கிறதுக்குள்ள உங்க டீ ஆறாது.

செங்கல்வராயன் லேப்டாப் முன்னால், தனக்கே கல்யாணம் மாதிரி உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு.

துண்டுக்கு அடியில்தான் சங்கதி. ஆறு மாதத்துக்கு முன் தொண்டையில் ஆபரேஷன். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்த டாக்டர்கள், குரலை எடுத்துக்கொண்டார்கள்.

வீடியோ காலில் இரண்டே கட்டம். ஒன்றில் இவர். இன்னொன்றில், நாமக்கல்லிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா லோகநாயகியும் அப்பா லட்சுமணனும். அவர்களுக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கலர் கலராகச் சுருட்டி வைத்த தாள்கள்.

போன ஞாயிறும் இப்படித்தான் பேசினார்கள். பேசினார்கள் என்றால், இவரைத் தவிர எல்லோரும். மனைவி சாமுண்டீஸ்வரி, மைக் சரியில்லை என்று சமாளித்துவிட்டாள். ஆபரேஷன் விஷயம் தெரிந்தால் மகள் சௌம்யாவுக்கு வந்த நல்ல இடம் கைநழுவிப் போய்விடுமோ என்று அவளுக்குப் பயம். தாலி ஏறட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்கு.

நாமக்கல்லில் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். பெண்ணைப் பெற்றவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அவர் வாயால் 'சம்மதம்' என்று ஒரு வார்த்தை கேட்டால்தான் மேற்கொண்டு பேச்சு, இல்லையென்றால் விட்டுவிடலாம் என்று லோகநாயகி சொல்லி அனுப்பிவிட்டாள்.

அதற்குத்தான் இன்றைக்கு மேஜைக்கு அடியில் சாமுண்டீஸ்வரியின் தம்பி கஜபதி.

"மாமே, நீ வாயை மட்டும் ஆட்டு. மீதியை நான் பாத்துக்கிறேன். சம்மதம்னு சொல்றதுக்கு இன்னா பெரிய குரல் வேணும்?"

சிரிக்காதீங்க. சாமுண்டீஸ்வரிக்கு வேறு வழி தெரியவில்லை.

செங்கல்வராயனுக்குத் தெரிந்திருந்தது. ராணுவ டாங்கி செய்கிற ஃபேக்டரியில் முப்பத்து நாலு வருஷம் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவர். மயிரிழை விரிசல் உள்ள பாகத்துக்குக்கூட ஓகே முத்திரை குத்தாதவர். பெற்ற பெண்ணின் கல்யாணத்திலா குத்துவார்?

ஒரு வாரமாக யாருக்கும் தெரியாமல் வீடியோ பார்த்துப் பார்த்து ஒரு வித்தை பழகியிருந்தார். விர்ச்சுவல் கேமரா என்று பெயராம். பொத்தானை அமுக்கினால், கட்டத்தில் நம்ம மூஞ்சிக்குப் பதில் நம்ம கம்ப்யூட்டர் திரை தெரியும்.

திரையை ஷேர் பண்ணிவிட்டுப் போகலாமே என்பீர்கள். பண்ணினால் எழுத்து தனியாக எங்கோ வந்து நிற்கும், மனுஷர் ஓரமாக ஒதுங்கிவிடுவார். அவருக்கு அது பிடிக்கவில்லை. மற்றவர்கள் முகம் இருக்கிற கட்டத்திலிருந்துதானே பேசுகிறார்கள்? தானும் அங்கிருந்துதான் பேசுவார்.

"சார், நல்லா இருக்கறீங்ளா?" என்றாள் லோகநாயகி.

மேஜைக்கு அடியில் கஜபதி தொண்டையைச் செருமினான்.

செங்கல்வராயன் வாயை ஆட்டவில்லை. பொத்தானை அமுக்கினார்.

முகம் போய், வெள்ளைத் திரையில் கொட்டை எழுத்தில் நாலு வரி வந்து நின்றது.

ஐயோ, எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பியிருக்கிறதே! தனியாகப் பழகினபோது நேராகத்தானே இருந்தது?

இங்கேதான் மனுஷர் கோட்டை விட்டார். இந்த மாதிரிப் பேச்சில், நம்ம கட்டம் நமக்கு மட்டும்தான் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரித் திரும்பித் தெரியும். எதிரில் இருப்பவர்களுக்கு நேராகவே இருக்கும். அவர் பார்த்த வீடியோவில் அந்தப் பாடம் இல்லை. பதறிப்போய், படத்தைத் திருப்புகிற இடத்தைத் தேடி அமுக்கினார்.

இவருக்கு நேராயிற்று. நாமக்கல்லுக்குத் திரும்பிக்கொண்டது.

லட்சுமணன் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டி, இன்னொரு பக்கம் சாய்த்தார்.

சேக்காட்டில், பக்கத்தில் நின்ற சாமுண்டீஸ்வரி நாலு வரியையும் படித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இடம் போச்சு.

லோகநாயகி மட்டும் திரைக்குப் பக்கத்தில் வந்தாள். முதலில் உதடு அசைந்தது. அப்புறம், ஓரிடத்திலும் தட்டுத் தடுமாறாமல், சத்தமாகவே படித்தாள்.

"எனக்குக் கோபம் இல்லை. ஆபரேஷனில் குரல் போய்விட்டது. குறையை மறைத்து அனுப்பி எனக்குப் பழக்கம் இல்லை. இது தெரிந்த பிறகும் உங்களுக்குச் சரி என்றால், என் மகளைத் தர எனக்கு முழுச் சம்மதம்."

மேஜைக்கு அடியில் டங்கென்று ஒரு சத்தம். கஜபதி எழுந்திருக்கப் பார்த்திருக்கிறான்.



லோகநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பின்னால் இருந்த சுருளில் ஒன்றை உருவிக் காட்டினாள். ஸ்டிக்கர் தாள்.

"லாரிக் கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டற பேரையெல்லாம் திருப்பித்தானுங்க வெட்டோணும். முப்பது வருசமா அதுதானுங்க என்ற பொழப்பு. உங்க வாயால கேக்கோணும்னு அடம் புடிச்சேன், கடைசீல என்ற வாயாலயே சொல்ல வெச்சுட்டீங்க. பத்திரிகை அடிக்கறப்ப மட்டும் எழுத்தை நேராப் போட்டுருங்க, சம்பந்தி."

அவ்வளவுதான் கண்ணுங்களா. உங்க வீட்டுக்கு வாய்க்கிற சம்பந்தியும், எழுத்து எப்படித் திரும்பிக் கிடந்தாலும் படிக்கிறவங்களா வாய்க்கட்டும். அடுப்பும் விளக்கும் அணையாம, பிள்ளைகுட்டியோட நல்லா இருங்க.