புற்றை இடித்தவன்

வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப் வேலைக்குப் போய்வந்த கோதண்டபாணி, வீடு கட்டுவதற்காக 1931 தை மாதம் மனையிலிருந்த பாம்புப் புற்றை இடித்தான். ஆடி பிறந்தபோது அவன் மனைவி வள்ளியம்மாளின் மார்பில் கட்டி இருப்பது தெரிந்தது. புற்றுக்கட்டி என்றார் வைத்தியர்.

"நாகம் சும்மா உடுமா? நீ புத்தை இடிச்ச, உன் வூட்லயே புத்து வந்துடுச்சு," என்றது தெரு.

கோதண்டபாணி அதை அப்படியே நம்பினான். இடித்த இடத்தில் வெள்ளிதோறும் பால் ஊற்றினான். கட்டி பெருத்த பிறகுதான் அவளை ரயிலேற்றி வேலூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தான்.

"எல்லாம் என்னாலதாம்மா. நான்தான் புத்தை இடிச்சேன்," என்று டாக்டரம்மாவிடம் அழுதான்.

டாக்டரம்மா வள்ளியம்மாளிடம் கேட்டார்: "கட்டி எப்ப வந்தது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "மூணு வருசமாச்சும்மா."

மூன்று வருடத்துக்கு முன் அந்த மனையையே அவர்கள் வாங்கியிருக்கவில்லை. கோதண்டபாணி மனைவி பக்கம் திரும்பினான்.

"ஊரே என்னைச் சொன்னப்ப நீ ஏன் வாயத் தொறக்கல?" என்று மெதுவாகக் கேட்டான்.

"நீங்க காரணம் இல்லன்னா, நான் இன்னா பாவம் பண்ணேன்னு கேப்பாங்களே."

"ரெண்டு பேரும் ஒண்ணும் பண்ணல," என்றார் டாக்டரம்மா. "இது ஏன் வருதுன்னு எங்களுக்கே முழுசா தெரியாது. அறுத்து எடுத்தா பொழைக்க வழியிருக்கு."

கோதண்டபாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவியின் அருகே உட்கார்ந்தான்.

"ஊர்ல கேட்டா, நான் புத்தை இடிச்சதாலதான்னே சொல்லிக்கறேன். நீ பொழைச்சு வா."