கார்வி திரும்பி நிற்கும் சலூன்

சுவரில் மாட்டியிருக்கும் கறுப்பின மக்களின் தலைவர் மார்கஸ் கார்வியின் படத்தை டோரெட் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைக்கிறாள். யாராவது சுருட்டை முடியை நேராக்க வந்துவிட்டால் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் இருக்கும் அவளுடைய சலூனில் இதுதான் வழக்கம். சுருட்டை முடியை நேராக்காதே என்று சொன்னவர் அவர்; பார்த்துக்கொண்டிருந்தால் அவளுக்குக் கை ஓடாது. இன்று நாற்காலியில் இருப்பது மிஸ் ஹையசிந்த். இரண்டு மணிக்கு கார்வி பிறந்தநாள் கூட்டத்தில் பேச வேண்டியவள். தலைப்பு, 'நம் முடியே நமக்கு அழகு'. "டிவிக்காரங்க வர்றாங்கடி, பாக்க நல்லா இருக்கணுமில்ல," என்கிறாள். தலை முழுக்க முடியை நேராக்கும் வெள்ளைக் களிம்பு. பேச்சுத் தாளால் விசிறிக்கொண்டே, "எரியுதுடி, கழுவிவிடு," என்கிறாள். டோரெட் குழாயைத் திறக்கிறாள். அது இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிடுகிறது. வாளியும் காலி. இன்னும் ஐந்து நிமிடம் போனால் முடி கையோடு வந்துவிடும்.

வாசலில் இளநீர் வண்டி லின்வால் எட்டிப் பார்க்கிறான். "என்ன மிஸ், வெந்துடுச்சா?"

"வாயை மூடிட்டு வெட்டுய்யா," என்கிறாள் டோரெட்.

கத்தி டக் டக்கென்று விழுகிறது. காய் காயாக இளநீர் தலையில் கொட்டி, கழுத்தில் வழிந்து, மடியிலிருக்கும் பேச்சைக் கரைக்கிறது. பன்னிரண்டாவது காயில் எரிச்சல் அடங்குகிறது. கண்ணாடியில் பாதித் தலை நேராகத் தொங்குகிறது, பாதித் தலை சுருண்டு நிற்கிறது. ஹையசிந்த் நனைந்த தாளைக் கசக்கி எறிகிறாள்.

"அவரைத் திருப்பு டோரெட். தலைப்பை மாத்திட்டேன். நம்ம மண்ணுல விளையுறதே நம்மளக் காப்பாத்தும்னு பேசப்போறேன்."

படம் திரும்புகிறது. இறகுத் தொப்பிக்குக் கீழே கார்வி எப்போதும் போலக் கடுகடுவென்று பார்க்கிறார்.

"பேசுங்க மிஸ்," என்கிறான் லின்வால். "ஆனா அவரு மாதிரி ஒரு தொப்பி போட்டுட்டுப் போங்க."