பத்தியச் சமையல்

அன்று அடுக்களையில் இருந்தவர்கள் நால்வர்: சுறாப்புட்டு கிளறிக்கொண்டிருந்த அப்பா, அவர் மகள் தமயந்தி, பூனை, நாட்டுக்கோழி. கைக்குழந்தையோடு அம்மா உள்ளறையில் படுத்திருந்தாள்.

"வாரம் முழுக்கச் சுறா வாங்குகிறார்கள், எனக்கு ஒரு துணுக்குகூட இல்லை!" என்று பூனை புலம்பிற்று.

கோழிக்கு அந்தப் பேச்சு பொறுக்கவில்லை. "வெட்கமாயில்லை உனக்கு? பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டாமா? வீட்டுக்குப் புது உயிர் வந்தால் நாம்தான் விட்டுக்கொடுக்க வேண்டும்" என்று கழுத்தை நிமிர்த்தி நியாயம் உரைத்தது.

"அப்பா, நாளைக்கும் புட்டுதானா?" என்றாள் தமயந்தி.

"மீன் போதும், கண்ணு. நாளைக்கு அம்மாவுக்கு நாட்டுக்கோழிச் சாறு."

பூனை மீசையை நக்கிக்கொண்டது. "மேலே சொல்லுங்கள், அக்கா" என்றது, மிகுந்த மரியாதையோடு.

கோழி கொல்லைக் கதவு வழியே வெளியேறியது.